தட்டு விழுந்த சத்தமும் என் அண்ணன் செய்த சத்தியமும்

எனக்குப் படம் பார்ப்பதில் பெரிய ஆசை கிடையாது. ஐந்து வேளைத் தொழுகை, அடுப்படி, விடியுமுன் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஜீப் எடுத்துக்கொண்டு போகிற வீட்டுக்காரருக்குச் சோறு கட்டுவது என்று என் பொழுது போய்விடும். படிப்பும் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் உத்தமபாளையத்தில் என்னைவிட அதிகமாக யோசித்தவர்கள் இருக்க மாட்டார்கள். அந்தப் படத்து ஆள் ஒரே நாளுக்குள் எத்தனை வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தான் என்பது தெரியாமல், என் மகளுடைய நிக்காஹுக்கு என் அண்ணன் வீட்டுக்குள் வர முடியாத நிலைமை வந்துவிட்டது.

அது சிடி வந்த புதிது. எங்கள் ஊர் கேபிள்காரர் பெருநாள், தீபாவளி என்றால் மத்தியானம் ஒரு படம் போடுவார். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் கம்பத்திலிருந்து என் அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லாரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அண்ணனுக்குக் கம்பத்தில் வாழைக்காய் மண்டி. தொழுகை, தஸ்பீஹ் மணி என்று இருக்கிறவர். அவர் வீட்டில் டிவியே கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

அன்றைக்கும் அப்படித்தான், பேப்பரை விரித்துக்கொண்டு வாசலைப் பார்க்க உட்கார்ந்திருந்தார். படம் வெள்ளைக்காரப் படம், தமிழில் பேச்சு சேர்த்தது. ஒரு லாட்ஜ் அறையில் ஒருவன் தூங்குகிறான். வெளியே லாட்ஜ்காரி கையிலிருந்து தட்டு 'டமார்' என்று விழுகிறது. அவன் விழித்து, "இன்னிக்கு என்ன நாள்?" என்கிறான். "உங்கள் நண்பருக்குக் கல்யாண நாள்" என்கிறாள். சிடுசிடுப்புக்காரன். கல்யாணத்துக்குப் போய் ஒருத்தர் விடாமல் வைது, சாப்பாடு சரியில்லை என்று சமையல்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்து படுக்கிறான். மறுநாள் தட்டு விழுகிறது. மறுபடியும் அதே கல்யாண நாள். மறுநாளும் அதே. அவனுக்கு மட்டும் நேற்று நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது, மற்ற யாருக்கும் இல்லை.

"தெனமும் கல்யாணச் சோறு, மொய்யும் எழுத வேண்டியதில்ல. அவனுக்கு என்ன கொற?" என்றார் என் வீட்டுக்காரர்.

மதினி சிரித்தாள். பேப்பர் ஒரு விரற்கடை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் நாற்காலியைப் பாதி திருப்பினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பேப்பரை மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

நடுவில் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரமெல்லாம் ஓடியது. விளம்பரம் முடிந்து தட்டு விழுந்தது. அவன் விழித்தான். அதுவரைக்கும் அந்த ஊரில் ஒவ்வொருத்தர் பேரும் ஊரும் மனப்பாடமாக இருந்தவன், திருதிருவென்று முழித்து, "இன்னிக்கு என்ன நாள்?" என்று லாட்ஜ்காரியிடம் புதிதாகக் கேட்டான்.

"பாத்தியாத்தா!" என்று அண்ணன் தொடையைத் தட்டினார். "மறந்துட்டான்! எம்புட்டு வருசம் கெடந்திருந்தா ஒரு மனுசனுக்கு அம்புட்டும் மறந்துபோகும்!"

பாவி, கெட்டவனாகவே இருக்கட்டும், இப்படியா ஒருத்தன் புத்தி பேதலித்துப் போவான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அதற்கும் ஒன்று வைத்திருந்தார்.

"மறக்கல மச்சான். நடிக்கிறான். லாட்ஜ்காரிய ஏமாத்துறான். கண்ணப் பாருங்க, தெரியும். நான் தெனமும் வளைவுல எதிர்த்தாப்ல வர்றவன் கண்ணப் பாத்துத்தான் ஜீப் ஓட்டுறேன்."

அவன் மறுபடியும் எல்லாரையும் வைதான், மறுபடியும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தான். "படம் எடுத்தவன் கெட்டிக்காரன்த்தா. முன்னாடி வந்த மாதிரியே மயிரிழ பெசகாம எடுத்திருக்கான் பாரு" என்று அண்ணன் மெச்சினார். கடைசியில் அவன் மனம் திருந்தி, அன்றாடம் மயக்கம் போட்டு விழுகிற சமையல்காரருக்குப் பதிலாகத் தானே அடுப்படிக்குப் போகிறான். வெங்காயம் நறுக்கத் தெரியாமல் விரலை நறுக்கிக்கொள்கிறான். நாளாக நாளாகப் படித்து, ஒரு நாள் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் தனியாளாக விருந்து சமைத்துப் போடுகிறான். மறுநாள் தட்டு விழவில்லை. விடிந்துவிட்டது. படம் முடிந்தது.

அதோடு டிவியை அமர்த்தியிருந்தால் வம்பில்லை. என் வீட்டுக்காரர் சோம்பல் முறித்துக்கொண்டே, "மிஞ்சிப் போனா ஒரு வருசம் இருக்கும்" என்றார்.

"என்னது ஒரு வருசமா?" என்றார் அண்ணன்.

"பின்னே? சமையல் பெரிய வித்தையா?"

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒரு வருசத்துல ஆம்பள ஊருக்கே சமைக்கப் படிச்சிருவானாக்கும்? கல்யாணமாகி இருவது வருசமாச்சு, ஒங்களுக்கு இன்னும் ஒரு டீ போடத் தெரியல" என்றேன்.

வீடே சிரித்தது. மகள் அடுப்படியில் சிரித்தது இங்கே கேட்டது. அண்ணனுக்குத் தங்கை பேச்சில் ஒரே குளிர்ச்சி. "அப்படிச் சொல்லுத்தா! பத்து வருசம். பத்துக்கு மேலயே சொல்லலாம்."

வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. "மண்டிக்காரருக்கு எல்லாமே புகை போட்டு மெதுவாத்தான் பழுக்கும்."

"ஜீப்புக்காரருக்கு எல்லாமே அடுத்த வளைவுல முடிஞ்சிரணும்" என்றார் அண்ணன்.

"வீட்டுல டிவியே இல்லாதவுகளுக்குப் படத்தப் பத்தி என்ன மச்சான் தெரியும்?"

அந்தச் சொல்தான். அண்ணன் எழுந்துவிட்டார். பிரியாணி உண்ட சூடு வேறு.

"அல்லாஹ்மேல சத்தியமாச் சொல்றேன் மாப்ள. அந்த ஆளு அங்கன பத்து வருசத்துக்குக் கொறைவாக் கெடந்திருந்தான்னா, இனிமே ஒங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்!"

"அஸ்தஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டாள் மதினி. வீம்புக்குக்கூட ஒரு நாளும் ஆணையிடாத மனிதர். தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்ததும் அண்ணன் அரண்டுவிட்டார். தொப்பியை எடுத்தார். நெருப்பின்மேல் நிற்கிறவர் மாதிரி விறுவிறுவென்று தெருவுக்கு இறங்கிவிட்டார். அங்கே நின்றுகொண்டு, "தங்கச்சி, எம்புள்ளைகள அனுப்பி வையி. அப்படியே அந்தச் சேமியாப் பாயசத்தையும் குடுத்துவிடு, பாதியில வச்சுட்டு வந்துட்டேன்" என்றார்.

தெருவில் நின்றே குடித்தார்.

மறுநாள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. என் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நாளும் குறித்திருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை பந்தலில் உட்கார்ந்திருக்க, பெண்ணின் தாய்மாமன்தான் வக்கீலாக, அதாவது பெண் சார்பில் பேசுகிறவராக, இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்து, பெண்ணிடம் சம்மதம் கேட்டுப் போய், நிக்காஹ் ஓதிவைக்கிற பள்ளிவாசல் அசரத்திடம் சொல்ல வேண்டும். எனக்கு அத்தாவும் அம்மாவும் மௌத்தாகிப் போன பிறகு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவர் இவர். என் நிக்காஹில் எங்கள் மாமா வந்து கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அந்தச் சத்தம் என் மகளுக்கு இல்லாமல் போய்விடுமோ என்று எனக்குத் தொழுகைப் பாயில்கூட அதே நினைப்பு.

அண்ணன் வராமல் இல்லை. வாரம் தவறாமல் வந்தார். கல்யாண வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். எல்லாம் வாசலுக்கு வெளியே. நான் தெருவில் ஒரு நாற்காலி போடுவேன். பழத்தாரை வாசப்படிக்கு அந்தப் பக்கமிருந்து நீட்டுவார், நான் இந்தப் பக்கமிருந்து வாங்குவேன். ஏதோ எல்லையில் செக்போஸ்ட் மாதிரி இருந்தது.

எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "என்னத்தா, ஒங்கண்ணன வாராவாரம் வெயில்ல போடுற? வத்தல் போடப் போறியா?" என்பாள்.

என் வீட்டுக்காரருக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான். ஆனால் அவர் வருத்தம் வருகிற வழி வேறு. ஒரு நாள் ஜீப்பைப் பின்பக்கமாக வாசலோடு ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மச்சான், ஏறி ஒக்காருங்க. பின்பக்கமா உள்ள எறங்குங்க. வாசப்படியில கால் படாது. மிதிக்க மாட்டேன்னுதான சொன்னீக?"

அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார். "மாப்ள, செக்போஸ்டுல போலீஸ ஏமாத்துவ. அல்லாஹ்வ ஏமாத்துவியா?"

வீட்டுக்காரர் ஜீப்பை முன்னால் எடுத்துவிட்டார்.

இதற்குள் தெரு முழுக்க இதே பேச்சு. படத்தை எல்லார் வீட்டிலும்தான் பார்த்திருந்தார்கள். பால்காரர், "மூணு வருசங்க்கா, ஒரு மாட்டுக்குப் பழகவே எனக்கு ஒரு வருசம் ஆவுது" என்றார். தையல்காரர் ஐந்து என்றார். எல்லாரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். அவனுக்கு நடுவில் மறதி வந்தது பாவம் என்றார்கள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அசரத் வீட்டுக்குப் போனேன். அசரத்துடைய வீட்டம்மாதான் எங்கள் தெருப் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர்கள். உள்ளறையில் திரைக்கு அந்தப் பக்கம் அசரத் இருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ஆளு எத்தன வருசம் கெடந்தான்னு கடைசியில சொல்றாகளா இல்லையா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சொல்லல அசரத்."

"எடுத்தவனுக்கே தெரியாதும்மா. அதுக்கு நம்ம சத்தியமா?" பிறகு பொறுமையாகச் சொன்னார்கள். "அது எப்படியும் இருக்கட்டும். சொந்தபந்தத்த அறுக்கிற சத்தியத்தக் காப்பாத்துறதுல நன்மை இல்ல. ஒங்க அண்ணன தயங்காம உள்ள வந்துறச் சொல்லு. வந்த பெறகு கஃப்பாரா குடுக்கச் சொல்லு. பத்து ஏழைங்களுக்கு ரெண்டு வேளை வயிறாரச் சோறு. மனசார தவ்பா செஞ்சு மன்னிப்புக் கேக்கச் சொல்லு. இனிமே வாய அடக்கச் சொல்லு."

சத்தியத்தை முறித்ததற்குச் செய்கிற பரிகாரம்தான் கஃப்பாரா. எனக்கு மலைபோல் இருந்தது பனிபோல் ஆகிவிட்டது. எழுந்தேன். வீட்டம்மா வாசல்வரை வந்து என் காதில், "எனக்கென்னமோ பதினஞ்சு வருசம் இருக்கும்னு தோணுதும்மா. நான் பக்கத்து வீட்டுல தண்ணி எடுக்கப் போனப்ப கொஞ்சூண்டு பாத்தேன்" என்றார்கள்.

"யாரு, என்ன வருசம்?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஒண்ணுமில்ல" என்றார்கள்.

நான் சந்தோஷமாகக் கம்பத்துக்கு பஸ் ஏறினேன். மண்டியில் அண்ணன் தார்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சொன்னதைக் கேட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"பத்துப் பேருக்கு என்னத்தா, நூறு பேருக்குப் போடுறேன். ஆனா கஃப்பாராங்கிற பேர்ல போட்டா என்ன அர்த்தம்? நான் சத்தியத்த முறிச்சேன்னு அர்த்தம். முறிச்சேன்னா அவன் பத்து வருசத்துக்குக் கொறைவாக் கெடந்தான்னு ஆகுது. ஒன் மாப்ள சொன்னது செயிச்சிரும். இத அவரு சும்மா விடுவாரா? ஜீப்பு முன்கண்ணாடியில எழுதி ஒட்டிருவாரு."

"அப்ப பத்து வருசம்தான்னு உறுதியா இருக்கீகள்ல. அப்படியே உள்ள வாங்க. அப்ப சத்தியம் முறியாதுல்ல?"

"வரலாம்..." என்று இழுத்தார். பிறகு மெதுவாக, "ஒம்போதே முக்காலா இருந்துருச்சுன்னா?" என்றார்.

அவர் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே வந்தால் அல்லாஹ்விடம் பயம், பரிகாரம் செய்தால் என் வீட்டுக்காரரிடம் பயம். என் அண்ணனும் அந்தப் படத்து ஆள் மாதிரி மாட்டிக்கொண்டுவிட்டார்.

திரும்பி வந்து வீட்டுக்காரரைக் கெஞ்சினேன். "பத்துன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைங்களேன். ஒங்க மக கல்யாணம்."

"மதி, மதி" என்றார். போதும் என்பதை மலையாளத்தில் சொல்வார், ஏலத்தோட்டத்து ஆட்களோடு பழகிய பழக்கம். "நான் என்ன வேணும்னா பண்றேன் புள்ள. மச்சான் கால்ல வேணும்னாலும் விழுறேன். கண்ணால பாத்தத இல்லேன்னு மட்டும் சொல்லச் சொல்லாத. அவன் மறக்கல. நடிச்சான்."

அன்றைக்கு இராத் தொழுகையில் ஒன்றே ஒன்று கேட்டேன். யா அல்லாஹ், என் வீட்டுக்காரர் ஜெயிக்காமல் என் அண்ணன் தோற்பதற்கு ஒரு வழி காட்டு.

மறுநாள் எனக்கு ஒரு யோசனை. அந்த இடத்தை இன்னொரு முறை போட்டுப் பார்த்தால் மறந்தானா நடித்தானா என்று தெரிந்துவிடுமே. மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் இருந்த கேபிள்காரர் அறைக்குப் போனேன். எங்கள் தெருவில் வளர்ந்தவர்தான், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்னக்கா, படம் தெரியலையா?"

"படம் நல்லாத் தெரியுது. பெருநாளுக்கு மறுநா ஒரு கல்யாணப் படம் போட்டீகள்ல, ஒரே நாளு திரும்பத் திரும்ப வருமே, அந்த சிடி வேணும்."

அவர் முகம் மாறிப்போனது. "யாருக்கா சொன்னா?"

"என்ன சொன்னா?"

எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு என் மகளைப் பார்த்துவிட்டுப் பாதி திறந்துவைத்தார். "அக்கா, ஒங்க வீட்டுப் பிரியாணியத்தான் அன்னிக்கு மச்சான் இங்கன கொண்டாந்து குடுத்தாக. ஒரு கட்டு கட்டிட்டேன். வெளம்பரம் ஓடுறப்ப கண்ணச் சொருகிருச்சு. படம் ரெண்டு சிடிக்கா. முடிஞ்சத எடுத்துட்டு அடுத்ததப் போடுறேன்னு மொத சிடியவே மறுபடியும் போட்டுட்டேன்."

எனக்கு உடனே புரியவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொத சிடி தொடக்கமே தட்டு விழுறதுதான. நடிச்சவக பேரு போடுறதெல்லாம் கடைசியிலதான் வரும். முக்கால்வாசி ஓடுன பெறகுதான் முழிச்சேன். ஒரு நிமிசம் படம் மாறிப் போனாப் போதும், போன் போட்டுக் கிழிச்சிருவாக. அன்னிக்கு ஒரு போனு வரலக்கா! ஊரே தூங்குது போலன்னு நெனச்சேன். பெறகு நிறுத்துனா வெளிய தெரிஞ்சிருமேன்னு முழுசா ஓடவிட்டு ரெண்டாவதப் போட்டேன்."

"அப்ப நடுவுல அவன் மறந்தது?"

"அவன் எங்கக்கா மறந்தான்? நாந்தான் மறந்தேன்."

நான் முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவனுக்காக நான் விட்ட கண்ணீர்! ஊரே சேர்ந்து பாவப்பட்ட மறதி! சிரித்து முடித்ததும் உடம்பு சிலிர்த்தது. இராத் தொழுகையில் கேட்ட துஆவுக்குப் பதில் இப்படியும் வருமா? அல்ஹம்துலில்லாஹ்.

"வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு எங்க வீட்டுக்கு வாங்க. இத அப்படியே சொல்லணும்" என்றேன்.

"மச்சான் அடிப்பாரே."

"பிரியாணி போடுறேன்."

"வந்துர்றேன்க்கா."

வெள்ளிக்கிழமை அண்ணன் தெருவில் தன் நாற்காலியில். வீட்டுக்காரர் உள்ளே தன் நாற்காலியில். நான் வாசப்படியில் நின்றேன். கேபிள்காரரை ஜீப்புக்குப் பின்னால் நிற்கவைத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரி கூப்பிடாமலே முறத்தோடு வந்து அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, பத்து வருசம்னு எத வச்சுச் சொன்னீக?"

"எத்தன தடவ கேப்பத்தா? மறந்துட்டான்ல. ஒரு வருசத்துல எவனும் அப்படி மறக்க மாட்டான்."

"என்னங்க, நீங்க?"

"நடிச்சான். வாய் கேட்டுச்சு, கண்ணு சொல்லிருச்சு."

"ரெண்டு பேரும் ஜும்மா தொழுதுட்டு வந்திருக்கீக. மாத்த மாட்டீகள்ல?"

"மாட்டேன்" என்றார்கள் இருவரும்.

கேபிள்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஜீப்பின் பம்பரைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, மயிரிழ பெசகாம எடுத்திருக்கான்னு சொன்னேனே..."

"அதே படந்தானே அண்ணே. எப்படிப் பெசகும்?"

எதிர்வீட்டுக்காரி முறத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"பொய் சொல்லாத மாப்ள, தொழுகைக்கு ஒளு செஞ்ச தண்ணி இன்னும் காயல" என்றார் அண்ணன். "கண்ணப் பாத்தாராம் கண்ண! கண்ணு சொல்லிருச்சாம்! எதிர்த்தாப்ல வர்றது பஸ்ஸா மாடான்னு இனிமே எறங்கிக் கேட்டுட்டு ஓட்டு."

இவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தோத்துட்டேன் மச்சான்."

"நானும்தான்" என்றார் அண்ணன். பிறகு ஒரு தடவை நிச்சயம் செய்துகொள்கிறவர்போல், "ரெண்டு பேருமேதான?" என்றார்.

"ரெண்டு பேருமேதான். ஒரு துளி கூடக் கொறைய இல்ல" என்றேன்.

அண்ணன் எழுந்தார். வேட்டியைச் சரி செய்தார். வாசப்படிக்கு முன்னால் வந்து நின்று, கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ ஓதினார். "பிஸ்மில்லாஹ்" என்று வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். நான் சிரிப்பேன் என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"ஏத்தா, அழுவாத. பசிக்குது" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மெல்ல ஆரம்பித்தார். "இருந்தாலும் மாப்ள, ரெண்டாவது சிடிய மட்டும் வச்சுப் பாத்தாக்கூட, சமையல் படிக்கிறதுங்கிறது..."

இவர் வாயைத் திறந்தார். நான் கரண்டியோடு நடுவில் நின்றேன். "பேசுங்க. ராத்திரி வரைக்கும் பேசுங்க. யாரும் சத்தியம் மட்டும் பண்ணக் கூடாது."

அந்த வாரமே கஃப்பாராவை நிறைவேற்றினார்கள். தேவாரம் ஊர்ப் பக்கமிருந்து வேலை தேடி வந்து பள்ளிவாசல் ஓரத்தில் தங்கியிருந்தவர்கள், சந்தையில் மூட்டை தூக்குகிற வயதானவர்கள் என்று பத்துப் பேரை இவரே ஜீப்பில் அழைத்துவந்தார். இரண்டு வேளையும் நான் சமைத்தேன், அண்ணன் கையால் பரிமாறினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரர், "நீ இரு புள்ள, டீ நான் போடுறேன்" என்று அடுப்படிக்குள் போனார். இருபது வருடத்தில் முதல் தடவை. நானும் தடுக்கவில்லை. ஒரு பெரியவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, தம்ளரை வைக்க மனமில்லாமல் அண்ணனைப் பார்த்து, "இந்த டீயும் அந்தப் பரிகாரத்துல சேந்ததுங்களா?" என்றார்.

"இல்லைய்யா. அது தனி" என்றார் அண்ணன்.

நிக்காஹ் அன்றைக்குத் தெருவை அடைத்துப் பந்தல். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தாயிற்று. உள்ளறையில் மகள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள், சுற்றிலும் பெண்கள். அண்ணன் புதுத் தொப்பியோடு இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளைப் பெற்றவர், காலையிலிருந்து கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

அண்ணன் மாப்பிள்ளையின் பேரையும், பெண்ணுக்கு அவர் கொடுக்கிற மஹர் இன்னது என்பதையும் சொல்லி, "இவருக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்க எனக்குச் சம்மதம் தர்றியாம்மா?" என்றார். என் மாமா என்னிடம் கேட்ட அதே குரல் மாதிரி இருந்தது எனக்கு. மகள் பேசவில்லை.

அதே வார்த்தைகளை மறுபடியும் சொன்னார். அவள் தலை இன்னும் கவிழ்ந்தது. நான் அவள் முதுகைத் தடவினேன்.

மூன்றாவது தடவையும் அதே பேர், அதே மஹர், அதே கேள்வி.

நிலைக்கதவுப் பக்கமிருந்து அழுகைக் குரலில் என் வீட்டுக்காரர் சொன்னார். "என்ன மச்சான், மொத சிடியவே திரும்பத் திரும்பப் போடுறீக?"

முக்காட்டுக்குள் என் மகளின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், சாட்சிக்கு வந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அதற்கு நடுவில் அவள் தலையை நிமிர்த்தி, தெளிவாக, "சம்மதம் மாமா" என்றாள்.

"கேட்டுச்சா? ரெண்டு பேருக்கும் கேட்டுச்சா?" என்று அண்ணன் சாட்சிகளை அதட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குக் கிளம்பினார். அசரத் காத்திருந்தார்கள். அவசரத்தில் எல்லாரும் வாசப்படியைத் தாண்டிக்கொண்டு போனார்கள். என் அண்ணன் மட்டும் அதன்மேல் ஒரு நிமிடம் இரண்டு காலையும் ஊன்றி நின்று, நன்றாக மிதித்துவிட்டுப் போனார்.